ஊசி ஆஸ்பத்திரியில்... மிச்சமெல்லாம் வீட்டில்!

“நாய்க்குக் கீமோவா?” என்று கேட்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினர் செலவை நினைத்துக் கேட்கிறார்கள். இன்னொரு வகையினர், சொந்தத்தில் யாரோ கீமோ எடுத்துக்கொண்டபோது கூடவே இருந்து பார்த்தவர்கள். அந்த மொட்டைத் தலை, வாய்ப்புண், சோற்று வாசனை பட்டாலே குமட்டிக்கொண்டு வந்த பகல்கள் எல்லாம் அவர்கள் மனசில் அப்படியே இருக்கின்றன. வாயில்லா ஜீவனை அந்தப் பாட்டுக்கு ஆளாக்க வேண்டுமா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. கேள்வி நியாயமானது. ஆனால், நாய்க்குக் கொடுக்கப்படும் கீமோ அந்தக் கீமோ இல்லை.

மனிதர்களுக்குப் பெரும்பாலும் நோயை வேரோடு அழிக்கப் பார்ப்பார்கள். அதற்காக உடம்பு தாங்கும் எல்லை வரைக்கும் மருந்தை ஏற்றுவார்கள். இன்னும் இருபது, முப்பது வருஷம் வாழவேண்டியவர் ஆறு மாதம் படுத்துக் கிடந்தாலும் பரவாயில்லை என்பது அங்கே கணக்கு. மொத்த ஆயுசே பத்துப் பன்னிரண்டு வருஷமான ஒரு ஜீவனிடம் அந்தக் கணக்கு செல்லாது. ‘இன்னும் ரெண்டு மாசம் பொறுத்துக்கோடா, சரியாகிடும்’ என்று அதற்குச் சொல்லிப் புரியவைக்கவும் முடியாது. அதனால் கால்நடை மருத்துவர்கள் அளவைத் தெரிந்தே குறைத்து வைத்திருக்கிறார்கள். டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்து, மனிதருக்கு உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 60, 75 மில்லிகிராம் வரை போகும்; நாய்க்கு வழக்கமான அளவு 30. வின்கிரிஸ்டின் மனிதருக்கு 1.4 மில்லிகிராம் என்றால், நாய்க்கு 0.5 முதல் 0.7 வரைதான். 25 கிலோ லேப்ரடாருக்கு ஒரு மில்லி பாட்டில்கூட முழுதாகத் தேவைப்படாது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு உடம்பு மோசமாகும் நாய்கள் இருபதில் ஒன்று என்ற அளவில்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். பல நாய்கள் மறுநாளே வாலை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கு ஓடிவிடும்.

முடி கொட்டுமா என்பது அடுத்த கேள்வி. சிப்பிப்பாறை, ராஜபாளையம், கன்னி, கோம்பை மாதிரியான குட்டை முடி நாய்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. மீசை ரோமம் உதிரலாம். முடி விடாமல் வளர்ந்துகொண்டே இருக்கும் ஷிட்சூ, பூடில், மால்டீஸ் போன்றவற்றுக்குத்தான் கொட்டும். சிகிச்சை முடிந்ததும் முளைத்துவிடும், சில சமயம் வேறு நிறத்தில். நாய் அதைப் பற்றிக் கவலைப்படப்போவதில்லை.

ஆனால், மனிதர்களின் கீமோ வார்டில் நர்ஸ் இருப்பார். நாயோ சிறிது நேரத்தில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். அடுத்த வாரம் வரைக்கும் அதன் நர்ஸ், டயட்டீஷியன், வார்டு பாய் எல்லாம் வீட்டிலிருப்பவர்கள்தான். அதற்கு எப்போது, எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

புற்றா, உண்ணிக் காய்ச்சலா?

நாய்களில் கீமோவுக்கு அதிகம் உட்படுவது லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று. தாடைக்குக் கீழே, தோள்பட்டைக்கு முன்னால், முழங்காலுக்குப் பின்னால் நெறி கட்டிக்கொள்ளும். தடவிக் கொடுக்கும்போது யதேச்சையாகக் கையில் தட்டுப்படுவதுதான் வழக்கம். வலி இருக்காது. நாய் ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும்.

தமிழ்நாட்டில் இந்த இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. நம் வெயிலும் ஈரமும் உண்ணிக்கு ஏற்றவை. உண்ணி பரப்பும் எர்லிக்கியா காய்ச்சலிலும் நெறி கட்டும், பிளேட்லெட் குறையும், நாய் சோர்ந்துபோகும். அதனால் முதலில் அதைச் சந்தேகித்து டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுப்பது தவறே இல்லை. மாத்திரை முடிந்தும் நெறி வடியவில்லை என்றால், ஊசியால் செல்லை எடுத்துப் பார்க்கும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். அதற்கு முன்னால் ‘வீக்கம் வடியட்டும்’ என்று ஸ்டீராய்டு ஆரம்பிப்பதுதான் ஆபத்து. பிரெட்னிசலோன் கொடுத்தால் லிம்போமா நெறி மளமளவென்று சுருங்கும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால், அப்புறம் பரிசோதித்தால் நோய் சரியாகப் பிடிபடாது. பிறகு கொடுக்கும் கீமோவுக்கும் அந்தச் செல்கள் அடங்க மறுக்கும்.

லிம்போமாவுக்கு உலகம் முழுக்கப் பின்பற்றப்படுவது, நான்கு மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் ‘சாப்’ முறை. சைக்ளோபாஸ்பமைட், டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின் ஆகிய மூன்றோடு பிரெட்னிசலோன் மாத்திரை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் வகுத்த அட்டவணைப்படி 19 அல்லது 25 வாரங்கள். சிகிச்சையே செய்யாவிட்டால் நாலு முதல் ஆறு வாரம், ஸ்டீராய்டு மட்டும் என்றால் ஒன்றிரண்டு மாதம், முழு கீமோ என்றால் ஏறத்தாழ ஒரு வருஷம் என்பது பொதுவான நடுக்கணக்கு. பத்து நாய்களில் எட்டு, ஒன்பதுக்கு நெறி முழுதாக வடிந்து, நோய் கண்ணுக்குத் தெரியாத நிலைக்குப் போய்விடும். இரண்டு வருஷத்தைத் தாண்டுபவை நாலில் ஒன்றுக்கும் குறைவு. இந்த எண்களை டாக்டர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நாமே கேட்டுவிட வேண்டும். “குணமாகிடும்ல டாக்டர்?” என்ற கேள்விக்கு “பார்க்கலாம்” என்ற பதிலை வாங்கிக்கொண்டு சிகிச்சையை ஆரம்பித்த குடும்பங்கள்தான் பிற்பாடு அதிகம் உடைந்துபோகின்றன.

தெருநாய்களும் நித்தியகல்யாணியும்

முழுக் குணம் என்று தைரியமாகச் சொல்லக்கூடிய நாய்ப் புற்றும் ஒன்று உண்டு. அது அதிகம் தாக்குவது தெருநாய்களை. பிறப்புறுப்பில் பூக்கோசு மாதிரி வளர்ந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருக்கும் கட்டி. நாய்களுக்குச் சோறு வைக்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். டிவிடி (TVT) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தக் கட்டி, புற்றுநோய்களிலேயே விசித்திரமானது. புணர்ச்சியின்போதோ நக்கும்போதோ முகரும்போதோ புற்றுச் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குப் போய் ஒட்டிக்கொண்டு வளரும். 1876இல் நோவின்ஸ்கி என்ற ரஷ்யக் கால்நடை மருத்துவர், கட்டியை ஒரு நாயிலிருந்து எடுத்து இன்னொரு நாய்க்கு மாற்றி வளரவைத்துக் காட்டினார். பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் எங்கோ ஒரே ஒரு நாயிடம் தோன்றிய செல்லின் வாரிசுதான் இன்றைக்கு உலகம் முழுக்கத் திரிகிறது என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன.

இதற்கு மருந்து வின்கிரிஸ்டின் ஒன்றே போதும். வாரம் ஒரு ஊசி, பெரும்பாலும் நாலிலிருந்து எட்டு வாரம். பத்தில் ஒன்பதுக்கும் மேல் முழுதாகக் குணமாகிவிடும். அந்த மருந்து எடுக்கப்படுவது நம் ஊர் வேலியோரத்தில் ரோஸ் நிறத்தில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. செடியின் பூர்வீகம் மடகாஸ்கர். தென்மாவட்டக் கரிசலிலும் செம்மண்ணிலும் விவசாயிகள் இதைப் பயிரிட்டு இலையையும் வேரையும் விற்கிறார்கள். கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் இருவரும் 1950களில் இதே செடியிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். அதன் உறவான வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டன் கணக்கில் இலை காய்ந்தால் கிராம் கணக்கில்தான் மருந்து கிடைக்கும் என்பதால், ‘செடி வீட்டிலேயே இருக்கே, அரைச்சுக் கொடுக்கலாமா’ என்ற யோசனை வேண்டாம். செடி நச்சுத்தன்மை உள்ளது.

தெருநாய்க்கு இந்தச் சிகிச்சையில் கஷ்டம் மருந்தின் விலையில்லை. முதல் ஊசி போட்ட நாயை அடுத்த வாரம் திரும்பப் பிடிப்பதுதான்! இரண்டு ஊசியில் ரத்தம் நின்று கட்டி சுருங்கியதும், நாயும் தென்படாது, ‘சரியாப்போச்சு’ என்று நாமும் விட்டுவிடுவோம். அரைகுறைச் சிகிச்சையில் கட்டி திரும்ப வரும்போது மருந்துக்கு எளிதில் மசியாது. சிகிச்சை முடியும் வரை ஒரு ஷெல்டரிலோ காம்பவுண்டுக்குள்ளோ வைத்திருந்து, குணமானதும் கருத்தடையும் செய்து விடுவதுதான் உருப்படியான வழி.

முதல் மூன்று நாள்: கையுறை

ஊசி போட்டு வீட்டுக்கு வந்ததும் முதலில் கவலைப்பட வேண்டியது மற்றவர்களைப் பற்றி. மருந்தின் மிச்சம் சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறும். பொதுவாக 48 முதல் 72 மணி நேரம் வரை எச்சரிக்கையாக இருக்கச் சொல்வார்கள்; சில மருந்துகளுக்கு இன்னும் அதிகம். இந்த நாட்களில் கையுறை போட்டுக்கொண்டு சுத்தம் செய்யுங்கள். தரையில் போனால் பேப்பரால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். பைப்பைத் திறந்து பீய்ச்சி அடித்தால் தெறிக்கும். படுக்கைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். வாசலில் கோலம் போடும் இடத்தில் போகவிட வேண்டாம், விடிந்ததும் வெறுங்கையோடு குனிகிறவர் அம்மாவாகத்தான் இருப்பார். தலைப்பிரசவத்துக்கு மகள் வந்திருந்தால், அவர் நாயைக் கொஞ்சலாம். சிறுநீர், மலம், வாந்தி, மாத்திரை இவற்றின் பக்கம் போகக் கூடாது. பால் கொடுக்கும் பெண்களுக்கும் தவழும் குழந்தைகளுக்கும் இதே விதி. சைக்ளோபாஸ்பமைட் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. அளவு ஒத்துவரவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதே மாத்திரை சிறுநீர்ப்பையை அரித்துப் புண்ணாக்கும். அதனால் காலையிலேயே கொடுத்துவிட்டு, அன்று முழுக்கத் தண்ணீர் தாராளமாக வைத்து, அடிக்கடி வெளியே கூட்டிப்போக வேண்டும். அப்போதுதான் மருந்து சிறுநீர்ப்பையில் தங்காது. முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனாலோ, ரத்தம் கலந்திருந்தாலோ உடனே போன் செய்யுங்கள். டாக்ஸோரூபிசின் போட்ட ஓரிரு நாளில் சிறுநீர் லேசாகச் சிவந்திருப்பது மருந்தின் நிறம்; முக்கல் இல்லாவிட்டால் பயம் வேண்டாம்.

ஊசி போட்ட காலையும் தினம் பாருங்கள். வின்கிரிஸ்டினும் டாக்ஸோரூபிசினும் ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்துவிட்டால் சதையைப் பொசுக்கிவிடும். சில சமயம் ஒரு வாரம் கழித்துத்தான் அது தெரியவரும். ஒரே இடத்தை நாய் விடாமல் நக்கிக்கொண்டிருந்தால் அதுவே முதல் அறிகுறி.

மூன்றாம் நாள்: சோறு

வயிற்றுத் தொந்தரவு வருவதென்றால் பெரும்பாலும் இரண்டாவது நாளிலிருந்து ஐந்தாவது நாளுக்குள். நாய் தட்டுவரை வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், எச்சில் வடியும். இது பிடிவாதமில்லை, குமட்டல். மாரோபிடன்ட், ஆன்டான்செட்ரான் போன்ற வாந்தி மாத்திரைகளை மருத்துவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருப்பார். வாந்தி வரட்டும் என்று காத்திராமல் அவர் சொன்ன நேரத்தில் கொடுப்பதுதான் பலன் தரும்.

நம் வீடுகளில் பாசத்தால் நடக்கும் தவறுகள் இரண்டு உண்டு. ஒன்று, சாப்பிடாத நாயின் வாயைப் பிளந்து ஊட்டுவது. இன்னொன்று, அதற்கு உயிரான சிக்கனில் கசப்பு மாத்திரையை ஒளித்துவைப்பது. குமட்டும் நாளில் வாய்க்குள் போன ருசியை நாய் மறப்பதில்லை. அந்தக் குமட்டலையே அந்தச் சிக்கன்தான் கொண்டுவந்தது என்று முடிவுகட்டி, அப்புறம் எப்போதும் தொடாது. மாத்திரைக்கு வேறு ஏதாவது துணை தேடுங்கள். சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, வெதுவெதுப்பாக வையுங்கள். சூட்டில்தான் வாசனை எழும். பத்து நிமிஷத்தில் தொடவில்லை என்றால் எடுத்துவிட்டு அப்புறம் பாருங்கள்.

எதைக் கொடுப்பது? உப்பு மசாலா போடாமல் வேகவைத்த சிக்கன், குழைந்த சோறு, வெந்த பரங்கிக்காய், அவித்த முட்டை. எலும்பைப் பிரித்து எடுத்துவிடுங்கள். தயிர்சாதம் பழகிய நாய்க்குத் தயிர்சாதமும் சரி, தாளிப்பு இல்லாமல். சாம்பார் சாதம், ரசம் சாதம் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பு அணுக்களை உடைப்பவை. கீமோவில் ஏற்கெனவே ரத்தம் குறைந்திருக்கும் உடம்பில் அது இரட்டைச் சுமை. பாயசத்தில், பொங்கலில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும்; பிரசாதம்தானே என்று நீட்ட வேண்டாம். கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் பச்சைச் சிக்கன் வேஸ்ட் இந்த மாதங்களில் கூடவே கூடாது. வெள்ளை அணு குறைந்த உடம்புக்குப் பச்சைக்கறியிலுள்ள கிருமியைச் சமாளிக்கத் தெம்பிருக்காது.

மஞ்சள், கற்றாழை, வேப்பிலைச் சாறு என்று ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்வார்கள். எதையும் மருத்துவரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். நன்மை செய்கிறதோ இல்லையோ, மருந்தின் வேலையைக் கெடுக்கக்கூடும். அடுத்த முறை வாந்தி வந்தால், காரணம் கீமோவா கஷாயமா என்று அவராலும் சொல்ல முடியாது.

ஒரு நாள் முழுக்கப் பட்டினி, தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் வாந்தி, தார் மாதிரி கறுத்த மலம் - இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஏழாம் நாள்: தெர்மாமீட்டர்

முதல் நாட்களில் பதறிய குடும்பங்கள் இந்த நேரத்தில் நிம்மதியாகிவிடுகின்றன. நாய் சாப்பிடுகிறது, விளையாடுகிறது. ஆனால், எலும்பு மஜ்ஜையில் மருந்து அடித்த அடி ரத்தத்தில் தெரிவது பெரும்பாலும் ஏழாவது நாளிலிருந்து பத்தாவது நாளுக்குள். கிருமியோடு சண்டைபோடும் வெள்ளை அணுக்கள் அப்போதுதான் அடிமட்டத்தில் இருக்கும். கீமோவில் உயிருக்கு ஆபத்து வருவதென்றால் வாந்தியைவிட இந்த வழியில்தான்.

இதைப் பிடிக்க வீட்டில் இருக்கவேண்டிய கருவி ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். நுனியில் வாஸலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். மூக்கு ஈரமா, காது சூடா என்பதெல்லாம் கணக்கில் வராது. நாயின் இயல்பான சூடே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 103ஐத் தாண்டினால், அதோடு நாய் சோர்ந்தும் இருந்தால், நடு ராத்திரியானாலும் மருத்துவமனைதான். மதிய வெயிலில் நடந்துவிட்டு வந்த கையோடு பார்த்தால் தப்பாகக் காட்டும். மின்விசிறிக்குக் கீழே அரைமணி படுக்கவைத்துவிட்டுப் பாருங்கள். பெட்டியில் இருக்கும் பாராசிட்டமாலையோ இபுபுரூஃபனையோ கொடுத்துவிடாதீர்கள். இரண்டுமே நாய்க்கு விஷம்போல வேலை செய்யக்கூடியவை. ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வலி மாத்திரை கொடுத்தால் குடலில் ஓட்டையே விழலாம்.

அந்த நாட்களில் குரூமிங் கடை, போர்டிங், தெருமுனை நாய்க்கூட்டம் எதுவும் வேண்டாம். அதிகாலையில் சின்ன நடை போதும். அடுத்த ஊசிக்கு முன் ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு போதாது என்று தெரிந்து மருத்துவர் ஒரு வாரம் தள்ளிவைத்தால், வாதாடாதீர்கள். ஒரு வாரத் தாமதத்தில் ஒன்றும் கெட்டுப்போகாது.

பிளேட்லெட் விழுந்திருந்தால் பழியை உடனே கீமோமீது போட்டுவிட வேண்டாம். சிகிச்சைக்கு நடுவில் ஒட்டிய ஒரு உண்ணிகூட அந்த வேலையைச் செய்திருக்கும். உண்ணி மாத்திரையைத் தேதி தவறாமல் கொடுப்பது, இந்த ஊரில் கீமோ பராமரிப்பின் பாதி. மண்ணெண்ணெய் தடவும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். தடவியதை நாய் நக்கும்.

ஸ்டீராய்டு பற்றி ஒரு வார்த்தை. அது போகும் வாரங்களில் நாய் குடம் குடமாகக் குடிக்கும், ராத்திரி ஹாலில் போய்வைக்கும், எந்நேரமும் பசி பசி என்று தட்டைத் தள்ளும், மூச்சிரைக்கும். பத்து வருஷமாக ஒழுக்கமாக இருந்த நாய் என்பதால் வீட்டில் கோபம் வரும். தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துவைப்பது தீர்வல்ல. படுக்கப்போகும் முன் ஒருமுறை கூடுதலாக வெளியே கூட்டிப்போவதுதான் தீர்வு. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

கடைசி ஊசிக்குப் பிறகு

சிகிச்சை முடிந்ததும் மாதம் ஒருமுறை பரிசோதனை. வீட்டில் வாரம் ஒரு தடவை ஐந்து இடங்களைத் தொட்டுப் பாருங்கள்: தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னால், அக்குள், தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்னால். தினம் பத்துத் தடவை பிசைந்து பார்த்தால் நாய்க்கும் எரிச்சல், நமக்கும் தூக்கம் போகும். டாக்ஸோரூபிசின் சேரச் சேர இதயத்தைப் பலவீனமாக்கும் மருந்து என்பதால், டாபர்மேன், கிரேட் டேன், பாக்ஸர் போன்ற இனங்களுக்கு எக்கோ பார்த்துக்கொள்வது அவசியம். இருமலும் மயக்கமும் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை எப்போது போடலாம் என்று கேட்டுத் தேதி குறித்துக்கொள்ளுங்கள். ‘புத்து வந்த நாய்தானே’ என்று அதை மட்டும் விட்டுவிடக் கூடாது. உயிருள்ள கிருமி கலந்த மற்ற தடுப்பூசிகளைத்தான் தள்ளிவைப்பார்கள்.

நெறி மறுபடி கட்டலாம். பெரும்பாலான நாய்களுக்கு ஒருநாள் கட்டும். அதே மருந்துகளை இரண்டாம் சுற்று கொடுக்கலாம். இந்த முறை நோய் அடங்கியிருக்கும் காலம் சுருங்கும். ஸ்டீராய்டு மட்டும் கொடுத்து வலியில்லாமல் வைத்துக்கொள்வதும் சிகிச்சைதான். அதைத் தேர்ந்தெடுக்கிற குடும்பத்தைப் பார்த்து ‘காசைப் பார்த்துட்டாங்க’ என்று சொல்வது அநியாயம். ஒவ்வொரு வாரமும் வெளியூரிலிருந்து கார் பிடித்து வேப்பேரி, நாமக்கல் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகளுக்குக் கொண்டுவந்து காட்டுவது எல்லோராலும் முடிகிற காரியமில்லை.

எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கு, அமெரிக்கக் கால்நடைப் புற்று மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஒரு மதிப்பெண் பட்டியல் வகுத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். கூட்டுத்தொகை 35ஐத் தாண்டினால் தொடரலாம் என்பது அவர் கணக்கு. வீட்டில் ஆளுக்கொரு தாளில், ஒருவருக்கொருவர் காட்டாமல் போடுவது நல்லது. ஆபீஸ் போய்விட்டுச் சாயங்காலம் வருகிறவரும், பகல் முழுக்கக் கூடவே இருக்கிறவரும் பார்ப்பது ஒரே நாயை இல்லை. ‘எப்படி இருக்கான்?’ என்று டாக்டர் கேட்கும்போது ‘பரவாயில்லை சார்’ என்று முடித்துவிடாமல், அந்தத் தாள்களை மேஜைமேல் வையுங்கள். அடுத்த ஊசியைப் போடுவதா, தள்ளிவைப்பதா, போதும் என்று நிறுத்துவதா என்பதை அவற்றைப் பார்த்துப் பேசி முடிவெடுக்கலாம்.